மாற்கு 5-ஐ நான்கு மாலைகளில் வாசிப்பது: படிப்பும் ஜெபமும் சேர்ந்த ஒரு வழிகாட்டி

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஒரு வருஷம் எனக்கு வந்தது மாற்கு 5:36. “பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு.” பூப்படம் போட்ட அட்டை. பர்ஸில் வைத்துக்கொண்டு பல மாதம் திரிந்தேன். அந்த வார்த்தை யாரிடம், எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. அப்புறம் ஒரு நாள் அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தபோதுதான் தெரிந்தது: மகள் இறந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன அதே நொடியில், அவளுடைய தகப்பனிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது. அட்டையை எடுத்து மறுபடியும் பார்த்தேன். பூப்படம் கொஞ்சம் உறுத்தியது.

அந்த உறுத்தலை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. ஆராய்ச்சி இறையியல் கல்லூரிக்கு, ஜெபம் வீட்டுக்கு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். என் அனுபவத்தில், படிக்கும்போது எந்த இடத்தில் கால் இடறுகிறதோ அந்த இடத்தில்தான் ஜெபம் உண்மையாகத் தொடங்குகிறது. இடறாமல் ஜெபித்த வசனங்களில் பெரும்பாலும் என் குரலையே நான் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். ஆகவே ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்: மாற்கு 5:21-43. ஜெபஆலயத் தலைவன் யவீரு, சாகக் கிடக்கும் தன் மகளுக்காக இயேசுவை அழைத்துப் போகிறான். வழியில் பன்னிரண்டு வருஷமாக இரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் இயேசுவின் உடையைத் தொட்டுக் குணமாகிறாள். அதற்குள் சிறுமி இறந்துபோகிறாள். இயேசு வீட்டுக்குப் போய் அவளை எழுப்புகிறார். ஞாயிறு பள்ளியிலேயே கேட்ட கதை. அதனாலேயே இதைத் தேர்ந்தெடுத்தேன்; தெரிந்த கதையில் இடறுவதுதான் கஷ்டம்.

தேவையானவை: இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள். ஒன்று, சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் நிறைவடைந்த மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. இன்னொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நோட்டு, ஒரு பென்சில், நான்கு மாலைகள். ஒரே மாலையில் முடித்துவிடலாமே என்று தோன்றும். முடிக்காதீர்கள்.

முதல் மாலை: முழுப் பகுதி, உரத்த குரலில்

முதலில் எல்லையைச் சரிசெய்துகொள்ளுங்கள். வசன எண்கள் மாற்கு எழுதியவை அல்ல. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் அச்சுக்காரர் ராபர்ட் எத்தியேன் 1551-இல் போட்டவை. இடம் கண்டுபிடிக்க அவை உதவும், வாசிக்க உதவாது. ஆட்கள் வந்து சேரும் இடத்தில் தொடங்கி, அவர்கள் கலையும் இடத்தில் நிறுத்துங்கள். நம் பகுதி இயேசு படகில் இக்கரைக்கு வருவதில் தொடங்கி, சிறுமிக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்வதில் முடிகிறது.

பிறகு வாய்விட்டு வாசியுங்கள், இரண்டு தடவை. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் ‘தியானமாயிருக்கிற’ மனுஷன் வருகிறானே, அங்கே உள்ள எபிரெயச் சொல் ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது என்ற பொருள் அதற்கு உண்டு. ஏசாயா 31:4-இல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் இதே சொல்தான். தியானம் என்றதும் கண்மூடிச் சம்மணமிட்டு உட்கார்வது நம் மனதில் வந்துவிடுகிறது. சங்கீதக்காரர் மனதில் இருந்தது அதைவிடச் சத்தமான ஒன்று.

வாசித்து முடித்ததும் நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எங்கே ஆச்சரியப்பட்டீர்கள், எங்கே எரிச்சல் வந்தது, எந்த இடத்தை ‘இதுதான் தெரியுமே’ என்று தாண்டினீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். இன்னும் விளக்கவுரை எதையும் திறக்க வேண்டாம்.

இரண்டாம் மாலை: இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில்

இந்த மாலை நீளும். கிரேக்கம் தெரியாதவர்கள் மூலத்தை நெருங்க இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளும் ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் குறி போடுங்கள்; அங்கே கீழே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

34-ஆம் வசனத்தைப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் அந்தப் பெண்ணின் விசுவாசம் அவளை ‘இரட்சித்தது’. திருவிவிலியத்தில் அவளது நம்பிக்கை அவளை ‘நலமாக்கிற்று’. எது சரி? கிரேக்கத்தில் உள்ள வினை சோட்சோ. உயிர் காப்பாற்றுவது, நோயிலிருந்து மீட்பது, பாவத்திலிருந்து இரட்சிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். இதே வினை இந்தக் கதையில் மூன்று தடவை வருகிறது. யவீரு தன் மகளுக்காகக் கெஞ்சும்போது (வசனம் 23), அந்தப் பெண் தனக்குள் சொல்லிக்கொள்ளும்போது (28), இயேசு அவளிடம் பேசும்போது (34). பழைய மொழிபெயர்ப்பு இவற்றை முறையே ஆரோக்கியமடைவது, சொஸ்தமாவது, இரட்சிப்பது என்று மூன்று சொல்லாகப் பிரித்துவிட்டது. தகப்பன் எதைக் கேட்டானோ அதையே வழியில் வந்த இன்னொருத்தி பெற்றுக்கொண்டாள் என்ற இணைப்பு தமிழில் மறைந்துபோகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல முடியாது. இந்த மூன்றையும் தாங்கும் ஒரு சொல் நம்மிடம் இல்லை. ‘பிழைத்தாள்’ ஓரளவு நெருங்கும்.

அடுத்தது 41, இயேசு சிறுமியை எழுப்பச் சொன்ன வார்த்தை. பழையதில் ‘தலீத்தாகூமி’, புதியதில் ‘தலித்தா கூம்’. அச்சுப்பிழை இல்லை. சினாய் மடத்தில் கிடைத்த நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியும் வத்திக்கான் படியும் ‘கூம்’ என்கின்றன. பிற்காலப் படிகள் பலவற்றில் ‘கூமி’. இயேசு பேசிய அரமேய மொழியில் பெண்ணைப் பார்த்து எழுந்திரு என்று சொல்ல இலக்கணப்படி வர வேண்டியது கூமி. பேச்சில் கடைசி இகரம் விழுந்துவிடும். நாம் ‘எழுந்திரு’ என்று எழுதிவிட்டு ‘எந்திரி’ என்று சொல்வதுபோல. பின்னாளில் படியெடுத்தவர்கள் இலக்கணத்தைத் திருத்தியிருக்கலாம். வெஸ்ட்காட், ஹார்ட் என்ற இரண்டு அறிஞர்கள் அந்தப் பழைய படிகளை முதன்மையாகக் கொண்டு கிரேக்க மூலத்தைப் பதிப்பித்தது 1881-இல், பவர் குழுவின் வேலை முடிந்து பத்து வருஷம் கழித்து. ஓர் எழுத்துக்கு இவ்வளவு கதையா என்று கேட்பீர்கள். எனக்கு இது ஆராய்ச்சித் தகவலாக மட்டும் தங்கவில்லை. இறந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பேச்சில் கூப்பிட்ட குரல் ஒன்று, கிரேக்கத்தில் எழுதியவரால்கூட மொழிபெயர்த்து மூடிவிட முடியாமல், அப்படியே தங்கியிருக்கிறது.

மூன்றாவது, மரியாதை. பழையதில் அவள் ‘ஒரு ஸ்திரீ’, எல்லா இடத்திலும் ‘அவள்’. திருவிவிலியத்தில் ‘பெண் ஒருவர்’. கிரேக்கத்தில் மரியாதை விகுதி இல்லை; ஒருவரைப் பார்த்துப் பேசும்போது நீ, நீங்கள் என்ற வேறுபாடும் கிடையாது. ஆகவே யாருக்கு ‘அர்’ விகுதி, யாருக்கு ‘அள்’ என்பது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு. தமிழில் மரியாதை விகுதியே ஒரு விளக்கவுரை. ஒரு தடவை எல்லாருக்கும் ‘அவர்’ போட்டு வாசித்துப் பாருங்கள். இன்னொரு தடவை யவீருவுக்கும் ‘அவன்’ போடுங்கள். கூட்டத்தில் யார் பெரிய மனுஷர் என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்துவைத்திருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் பழைய மொழிபெயர்ப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூலத்தில் 25 முதல் 27 வரை அந்தப் பெண்ணைப் பற்றி ஏழு எச்சங்கள் அடுக்கடுக்காக வந்து, கடைசியில்தான் ‘தொட்டாள்’ என்ற முற்று வருகிறது. வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டு போவது தமிழுக்குக் கைவந்த கலை. வருத்தப்பட்டு, செலவழித்தும், குணமடையாமல், கேள்விப்பட்டு, பின்னாக வந்து… தொட்டாள். பன்னிரண்டு வருஷமும் ஒரே மூச்சில் அந்தத் தொடுதலை நோக்கி ஓடுகிறது. அவளுடைய நோய்க்கும் அந்த மொழிபெயர்ப்பு சித்த வைத்தியர் சொல்லும் ‘பெரும்பாடு’ என்ற பெயரையே வைத்தது. அந்தச் சொல் இன்று வழக்கொழிந்துவருகிறது என்பது வருத்தம்தான்.

மூன்றாம் மாலை: கட்டமைப்பு, பக்கத்துச் சுவிசேஷங்கள், பின்னணி

மாற்கு ஒரு கதையைத் தொடங்கி, நடுவில் இன்னொன்றைச் செருகி, பிறகு முதல் கதைக்குத் திரும்புவார். 11-ஆம் அதிகாரத்தில் அத்திமரத்துக்கும் ஆலயத்துக்கும் இதையே செய்கிறார். 14-இல் பேதுரு மறுதலிப்பதையும் இயேசுவின் விசாரணையையும் இப்படித்தான் பின்னுகிறார். இப்படிச் செருகினால் இரண்டையும் ஒன்றன் வெளிச்சத்தில் ஒன்று வாசிக்கச் சொல்கிறார் என்று கொள்ளலாம். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். இந்தப் பக்கம் பெயர் உள்ள தலைவன், அந்தப் பக்கம் பெயரில்லாப் பெண். அவன் முன்னால் வந்து காலில் விழுகிறான், அவள் பின்னால் வந்து தொடுகிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷ நோய், சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. சிறுமிக்காகப் பேச ஒரு தகப்பன் இருக்கிறான். இவளுக்கு யாருமில்லை, இயேசு ‘மகளே’ என்று கூப்பிடும் வரை. சுவிசேஷங்களில் இயேசு தனியொரு பெண்ணை அப்படி அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டும்தான்.

இப்போது மத்தேயு 9:18-26, லூக்கா 8:40-56 இரண்டையும் எடுத்துவையுங்கள். மாற்கு 23 வசனத்தில் சொன்னதை மத்தேயு 9 வசனத்தில் முடிக்கிறார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது: தலைவன் வரும்போதே மகள் இறந்துவிட்டாள் என்கிறான். ஆகவே வழியில் தாமதமாவதால் எதுவும் கெட்டுப்போவதில்லை; யவீருவின் பதற்றமே காணாமல் போகிறது. லூக்கா அந்தப் பதற்றத்தைக் காப்பாற்றி, ஒரே மகள் என்பதையும் சேர்க்கிறார். ஆனால் வைத்தியர்களால் அவள் பட்ட பாட்டையும், நோய் இன்னும் மோசமானதையும் விட்டுவிட்டு, யாராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கொலோசெயர் 4:14 லூக்காவை வைத்தியன் என்கிறது. தொழில் பாசம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நிரூபிக்க முடியாது, ரசிக்கலாம்.

மூன்றையும் குழைத்து ஒரே கதையாக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மாற்கு முதலில் எழுதினார், கி.பி. 70-ஐ ஒட்டி, மற்ற இருவரும் அவரைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அப்படியானால் மத்தேயு வெட்டிய ஒவ்வொரு வரியும் அவர் எதை முன்னே வைக்க நினைத்தார் என்பதைக் காட்டும். வேறுபாட்டைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சபை நான்கு சுவிசேஷங்களை ஒன்றாக்காமல் நான்காகவே வைத்துக்கொண்டது. சிரியத் திருச்சபைகள், தாத்தியான் என்பவர் நான்கையும் ஒன்றாகத் தொகுத்த சுவிசேஷத்தை வெகுகாலம் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் அவர்களும் தனித்தனிச் சுவிசேஷங்களுக்கே திரும்பினார்கள்.

அப்புறம் பின்னணி. இங்கேதான் அதிகம் வழுக்குகிறோம். இந்தப் பகுதியில் நான் கேட்ட பிரசங்கங்களில் பாதிக்கு மேல் இப்படிப் போகும்: யூதச் சட்டம் அவளைத் தீட்டு என்று வீட்டைவிட்டு ஒதுக்கியது, வெளியே வந்தால் கல்லெறிவார்கள், இயேசு அந்தக் கொடிய சட்டத்தை உடைத்தார். லேவியராகமம் 15-ஐ எடுத்து முழுவதும் வாசியுங்கள், 20 நிமிஷம் ஆகாது. முதலில் வருவது ஆண்களின் உடற்கசிவு. பிறகுதான் பெண்கள். தொட்டவர் குளித்து, துணி துவைத்து, சாயங்காலம்வரை தீட்டாயிருக்க வேண்டும். கல்லெறிதல் இல்லை, ஊரைவிட்டு ஒதுக்குவதும் இந்த அதிகாரத்தில் இல்லை. கவலை முழுக்கப் பரிசுத்த ஸ்தலம் தீட்டுப்படக் கூடாது என்பதைப் பற்றி. மாற்கும் இந்தக் கதையில் தீட்டு என்ற பேச்சையே எடுப்பதில்லை. யூதரும் புதிய ஏற்பாட்டு அறிஞருமான ஏமி ஜில் லெவின் இதைப் பல வருஷமாகச் சுட்டிக்காட்டிவருகிறார்: இயேசுவை உயர்த்திக் காட்ட யூதர்களைக் கறுப்படிக்க வேண்டியதில்லை. மத்தேயுவும் லூக்காவும் அவள் தொட்டது உடையின் ஓரத்தை என்கிறார்கள்; அதற்குரிய கிரேக்கச் சொல் எண்ணாகமம் 15:38 யூதர்களுக்குக் கட்டளையிட்ட தொங்கல்களையும் குறிக்கும். அப்படிப் பார்த்தால் அவள் பற்றிக்கொண்டதே நியாயப்பிரமாணத்தின் நூல்தான்.

நமக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. ‘தீட்டு’ என்ற தமிழ்ச் சொல் வெறும் சொல் இல்லை; தனித் தட்டு, தனிப் பாய், பின்வாசல், சாதி எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. லேவியராகமத்தில் அந்தச் சொல்லை வாசித்ததும் நம் வீட்டு வழக்கத்தைப் பாலஸ்தீனத்துக்கு ஏற்றுமதி செய்துவிடுகிறோம். ஆனால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். மாதவிலக்கு நாளில் சமையலறைக்கு வெளியே உட்கார்ந்த ஒருத்திக்கு இந்தக் கதை வலிப்பது உண்மை. நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள்: மாற்கு சொல்வது, நான் கொண்டுவருவது. இரண்டும் ஜெபத்துக்கு உரியவை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை.

இந்த மாலையின் கடைசியில் விளக்கவுரையைத் திறக்கலாம். ஒன்று போதாது, இரண்டு பாருங்கள், முடிந்தால் வேறு வேறு சபையைச் சேர்ந்தவர்கள் எழுதியது. ‘சிலர் இப்படிக் கருதுகிறார்கள்’ என்று மாற்றுக் கருத்தையும் சொல்லும் ஆசிரியரை நம்புங்கள். எல்லாம் தெரிந்த தொனியில் பேசுகிறவரை மெதுவாக மூடிவையுங்கள்.

நான்காம் மாலை: நோட்டை மூடிவிட்டு

12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ இறைவாசிப்புக்கு நான்கு படிகளைச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், ஆழ்நிலைத் தியானம். முதலாவது உணவை வாயில் வைக்கிறது, இரண்டாவது மெல்லுகிறது, மூன்றாவது சுவையைப் பெறுகிறது, நான்காவது அந்த இனிமையேதான் என்பது அவருடைய உவமை. ‘அசைபோடுவது’ என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள். முதல் மூன்று மாலையும் மெல்லக் கொடுத்திருக்கின்றன. இன்று ஒரு தடவை மெதுவாக வாசித்துவிட்டு, எந்த இடத்தில் இடறினீர்களோ அங்கேயே உட்காருங்கள். அழகான வசனத்தைத் தேடிப் போகாதீர்கள்.

என் இடம் யவீருவின் மௌனம். 23-இல் அவன் பேசுகிறான். அதன் பிறகு ஒரு வார்த்தையும் இல்லை. இயேசு நின்று, என்னைத் தொட்டது யார் என்று கேட்டு, சுற்றிலும் பார்த்து, அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை அவன் பக்கத்திலேயே நிற்கிறான். பன்னிரண்டு வருஷக் கதையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவனுடைய மகளின் உயிர் நிமிஷம் நிமிஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாற்கையும் மத்தேயுவையும் ஒப்பிடாமல் இருந்திருந்தால் அந்த மௌனம் என் கண்ணில் பட்டிருக்காது. பட்டபின், மருத்துவமனை வராந்தாவில் வேறொருவரின் பெயர் முதலில் கூப்பிடப்பட்ட ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. அன்று நான் ஜெபித்ததெல்லாம் ‘ஏன் அவர்களுக்கு முதலில்’ என்பது மட்டும்தான். அதையும் ஜெபமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தப் பகுதி எனக்கு அனுமதி கொடுத்தது.

ஜெபத்தில் கிடைத்த எண்ணத்தையும் சோதித்துப் பாருங்கள். அகுஸ்தீன் ஓர் அளவுகோல் வைத்தார்: கடவுள் மேலும் பிறர் மேலும் அன்பை வளர்க்காத விளக்கம் எதுவும் வேதத்தைப் புரிந்துகொண்டதாகாது. இந்தப் பகுதியில் அந்த அளவுகோல் உடனே வேலைக்கு வரும். ‘உன் விசுவாசம்’ என்ற வரியை நோயாளிகளின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு. கதையின் மறுபாதியைக் காட்டுங்கள். அந்தச் சிறுமி என்ன விசுவாசித்தாள்? இறந்து கிடந்தாள். வீட்டில் இருந்தவர்கள் இயேசுவைப் பார்த்துச் சிரித்தார்கள். இருந்தும் அவள் எழுந்தாள். விசுவாசத்தை அளந்து சுகத்தைக் கொடுக்கும் கணக்கு இந்த 23 வசனத்துக்குள்ளேயே தோற்றுப்போகிறது.

கடைசியாக, எழுதியதை எடுத்துக்கொண்டு நாலு பேரோடு உட்காருங்கள். ஒரே மாதிரி படித்தவர்கள் வேண்டாம். எங்கள் சிறு கூட்டத்தில் இதை வாசித்த அன்று, நான் ‘கூம்’, ‘கூமி’ என்று ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். வயதான ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி தம்பி, கடைசியில சாப்பாடு குடுங்கன்னாரே, அந்தப் பிள்ளைக்கு என்ன குடுத்திருப்பாங்க?” என்றார். நான் எடுத்துவைத்திருந்த விளக்கவுரைகளில், அவள் ஆவி இல்லை, உண்மையாகவே உயிர்பெற்றாள் என்பதற்கு அது சான்று என்று மட்டும் இருந்தது. அதைச் சொன்னேன். அம்மா தலையாட்டினார், ஆனால் அவருக்கு அது போதவில்லை. “காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு உடனே ரொட்டி இறங்காது. அம்மாக்காரி ஏதாவது கரைச்சுத்தான் குடுத்திருப்பா” என்றார். அதுவரை அந்த வீட்டில் சிறுமியின் தாயும் இருந்தாள் என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. 40-ஆம் வசனத்தில் இருக்கிறாள்.